கேஸ் பிளோபேக் பிஸ்டல் வாங்குமுன்: சிங்கப்பூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாங்காங், தைவான், ஜப்பான் என்று வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம்மவர்கள் சிலர் அங்கே ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் மாதிரித் துப்பாக்கிகளால் ஆடும் விளையாட்டு) விளையாட ஆரம்பித்ததும் என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான்: எந்த பிஸ்டல் வாங்கினால் மாதா மாதம் ரிப்பேர் பார்க்காமல் ஓடும்? விடுமுறையில் போய் இரண்டு நாள் சுட்டுவிட்டு வந்தவர்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. இங்கே ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஆயுதங்களுக்கான சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. காவல்துறையின் உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். நாடாளுமன்றம் 2021 ஜனவரியில் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் எதையும் தளர்த்தவில்லை. "பிளாஸ்டிக் குண்டுதானே, பொம்மைதானே" என்ற வாதம் எடுபடாது. பிஸ்டல் வடிவத்தில் இருக்கும் சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே விடாத ஊர் இது. இணையக் கடையில் "சிங்கப்பூருக்கும் அனுப்புவோம்" என்று போட்டிருந்தால், அவன் பெட்டியை அஞ்சலில் போடத் தயார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். பெட்டி வந்து சேரும்போது உங்கள் பெயரும் முகவரியும்தான் அதன் மேல் ஒட்டியிருக்கும்.

மேகசின் (கைப்பிடிக்குள் செருகும், குண்டு வைக்கும் பகுதி) மட்டும், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) மட்டும் வரவழைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். துப்பாக்கியின் பாகம் என்று சொல்லக்கூடிய எதையும், காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

ஜொகூரில் நண்பன் வீட்டில் வைத்துவிட்டால்?

அதுவும் கூடாது. மலேசியாவிலும் இது சட்டவிரோதம்தான். பாலத்தைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி நண்பனையும் அவன் குடும்பத்தையும் வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

அப்படியென்றால் இதெல்லாம் யாருக்குச் சொல்கிறீர்கள்?

ஏர்சாஃப்ட் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஊரில் குடியிருக்கும் சிங்கப்பூரர்களுக்கு. அங்கே போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். வாங்கும் துப்பாக்கி அந்த ஊரிலேயே இருக்க வேண்டும், அந்த ஊரின் சட்டத்துக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் ஒத்துப்போக வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டோக்கியோவில் பிரமாதமாக ஓடும் ஒரு பிஸ்டலை ஹாங்காங் ஜூலை மாதத்தில் தப்பான கேஸ் ஊற்றி ஓட்டினால் ஒரே பருவத்தில் ஸ்லைடு விரிசல் விட்டுவிடலாம்.

கேஸ் பிளோபேக் என்றால் சரியாக என்ன?

கைப்பிடிக்குள் போகும் மேகசினில் திரவ நிலையில் கேஸ் இருக்கும். விசையை இழுத்ததும் சுத்தி வால்வைத் தட்டுகிறது, கேஸ் மேலே நோசிலுக்குள் (ஸ்லைடுக்குள் இருக்கும், கேஸ் போகும் குழல்முனை) பாய்கிறது. அதில் ஒரு பங்கு 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டை முன்னால் தள்ளுகிறது, மறு பங்கு ஸ்லைடைப் பின்னால் தள்ளி அடுத்த குண்டை ஏற்ற வழி செய்கிறது. ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பும் அந்த உதைப்புக்காகத்தான் எல்லாரும் இதை விரும்புகிறார்கள். ஸ்பிரிங் பிஸ்டலிலும் எலெக்ட்ரிக் பிஸ்டலிலும் அது இந்த அளவுக்குக் கிடைக்காது. அதே காரணத்தால் கேஸ் பிஸ்டலில் பழுதாகக்கூடிய இடங்களும் அதிகம்.

நம்பகமான பிஸ்டல் என்று எதைச் சொல்வீர்கள்?

மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். மேகசின் கசியக் கூடாது. கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்க வேண்டும். எந்தப் பாகம் உடைந்தாலும் அதே ஊரில், அதே வாரத்தில் மாற்றுப் பாகம் கிடைக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உடையாத கேஸ் பிஸ்டல் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு சுடுதலிலும் ஒரு ஸ்லைடு முழு வேகத்தில் பின்னால் மோதித் திரும்புகிறது. ஆகவே உடைந்தால் என்ன செய்வோம் என்று யோசித்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பளபளப்பு, பொறித்த முத்திரை, எடை எல்லாம் கையில் பிடிக்கும்போது சந்தோஷம் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடு ஆட்டத்தில் புஸ்ஸென்று கேஸ் முழுக்க வெளியேறி நிற்கும்போது முத்திரை எந்த உதவியும் செய்யாது.

மேகசினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் கேஸ் பிஸ்டலின் டாங்க், வால்வு, குண்டுப்பெட்டி மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. நான் பார்த்தவரை "துப்பாக்கி சரியில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் மேகசினில்தான் போய் முடிகின்றன. கசியும் இடங்கள் பெரும்பாலும் நான்கு: அடியில் கேஸ் ஏற்றும் வால்வு, பின்பக்கம் சுத்தி தட்டும் வெளியேற்று வால்வு, அடித்தட்டைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங், மேலே நோசிலோடு ஒட்டும் ரப்பர். குக்கரின் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்துப் போனால் விசில் வராமல் ஓரமாக ஆவி போகுமே, இங்கே நடப்பதும் அதேதான். ரப்பர் உலர்ந்தால் கேஸ் ஓரமாகப் போய்விடும், ஸ்லைடைத் தள்ள அழுத்தம் இருக்காது.

இன்னொன்று, குண்டு வெளியே வரும் உதட்டுப் பகுதி. அது பெரும்பாலும் பிளாஸ்டிக். மேகசினைச் சிமென்ட் தரையில் நாலு தடவை போட்டால் அதில் கீறல் விழும், அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு ஏறும், அல்லது எதுவுமே ஏறாது. ஆட்டத்தில் வேகமாக மேகசின் மாற்றுபவர்கள் கீழே போடுவதற்குப் பதிலாக இடுப்பில் ஒரு பை கட்டிக்கொண்டு அதில் போடுவது இதனால்தான்.

பிஸ்டலின் விலையைக் கேட்கும்போதே மேகசின் விலையையும் கேளுங்கள். குறைந்தது மூன்று தேவைப்படும். மலிவான பிஸ்டலுக்கு விலை கூடிய, கடையில் இல்லாத மேகசின் என்றால் அந்தப் பேரம் நமக்கு வேண்டாம்.

எந்த கேஸ் போடுவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல பிஸ்டல்கள் அதிகமாகக் கெடுவது இங்கேதான்.

மேகசினுக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை, உள்ளே எவ்வளவு கேஸ் மிச்சம் என்பது அழுத்தத்தை முடிவு செய்வதில்லை, வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. ஜப்பானிய பிஸ்டல்கள் நெடுங்காலமாக எச்எஃப்சி 134ஏ என்ற கேஸை வைத்து வடிவமைக்கப்பட்டவை. கார் ஏர்கானில் இருக்கும் அதே கேஸ். வெளிக்காற்றழுத்தத்தையும் சேர்த்துச் சொன்னால் 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 5.7 பார், 30 டிகிரியில் சுமார் 7.7 பார். கிரீன் கேஸ் என்று விற்பது அடிப்படையில் புரொப்பேன், கூடவே கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். அது 20 டிகிரியில் சுமார் 8.4 பார், 30 டிகிரியில் 10.8 பாரைத் தொடும். அதாவது ஒரே பிஸ்டல், ஒரே நாள், கேஸை மட்டும் மாற்றினால் ஸ்லைடு வாங்கும் அடி ஒன்றரை மடங்கு.

இப்போது ஊரை வைத்துப் பாருங்கள். டோக்கியோவில் ஜனவரி மாதம் வெளியரங்கில் விளையாடினால் 134ஏ சோர்ந்துவிடும், ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிடும், குண்டு ஏறாது. அதே துப்பாக்கி ஆகஸ்ட் மாதம் சொன்ன சொல் கேட்கும். ஹாங்காங், தைபே கோடையில் வெயில் 33, 35 என்று போகும்போது பிளாஸ்டிக் ஸ்லைடுள்ள ஜப்பானிய பிஸ்டலில் கிரீன் கேஸ் ஏற்றுவது வீண் வேலை. ஸ்லைடின் முன்பகுதியில் முதலில் மெல்லிய கோடு தெரியும், அப்புறம் ஒரு நாள் முன்துண்டு கழன்று பறக்கும். அந்த ஊர்க் கடைக்காரர்கள் வெயில்கால கேஸ், குளிர்கால கேஸ் என்று பிரித்து விற்பது வியாபாரத் தந்திரம் இல்லை, உண்மையிலேயே அழுத்தம் வேறு.

வேகமாகச் சுட்டால் மேகசின் ஜில்லென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் உலோகத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மேகசின் குளிர்கிறது, குளிர்ந்ததும் அழுத்தம் இறங்குகிறது. கடைசிப் பத்து குண்டு சோம்பலாகப் போவது இதனால்தான், துப்பாக்கியில் பழுது இல்லை. மேகசின்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, காலியானதைச் சட்டைப் பையில் போட்டு உடல் சூட்டில் மீளவிடுங்கள். ஹீட்டர் மேல் வைப்பது, வெந்நீரில் போடுவது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போவது எல்லாம் ஆபத்து.

134ஏ சுற்றுச்சூழலுக்கு நல்லதல்ல. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அதனால் 1234இசட்இ போன்ற மாற்று கேஸ்கள் ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டன. அழுத்தம் இன்னும் குறைவு, குளிரில் இன்னும் சோர்வு. உள்ளரங்கில் சுடுபவர்களுக்கு அதுவே போதும், நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

சிஓ2 குப்பி போடும் பிஸ்டல் நல்லதா?

உதைப்பு பலம், குளிரிலும் ஓடும், 12 கிராம் குப்பியைத் திருகி உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் 20 டிகிரியிலேயே அந்தக் குப்பிக்குள் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் சிஓ2 திரவமாகவே இருக்காது, அழுத்தம் இன்னும் ஏறும். வால்வு அதை அளந்துதான் விடுகிறது என்றாலும் சீல்களும் நோசிலும் வேகமாகத் தேய்கின்றன. சூடான ஊரில் இருப்பவருக்கு முதல் பிஸ்டலாக இதைச் சொல்ல மாட்டேன். உறைபனி விழும் ஊரில் இருந்தால், சிஓ2-வுக்காகவே வடிவமைத்த மாடலை வாங்குங்கள். சாதாரண கேஸ் பிஸ்டலுக்கு சிஓ2 மேகசின் மட்டும் தனியாக வாங்கிச் செருகுவது உடைவதற்கு நாள் குறிப்பதுதான்.

உலோக ஸ்லைடா, பிளாஸ்டிக் ஸ்லைடா?

ஜப்பானில் கைத்துப்பாக்கி வடிவ உலோக மாதிரிகளுக்குக் கடுமையான சட்டக் கட்டுப்பாடு உண்டு, அதனால் டோக்கியோ மருயி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்லைடைப் பிளாஸ்டிக்கில் செய்கின்றன. அதைக் குறையாக நினைக்காதீர்கள். லேசான ஸ்லைடுக்குக் குறைந்த கேஸ் போதும், வேகமாகத் திரும்பும், உள்ளே இருக்கும் மற்ற பாகங்களும் குறைவாகத் தேயும். தைவான் பிஸ்டல்கள் பெரும்பாலும் உலோக ஸ்லைடோடு வருகின்றன, கிரீன் கேஸைத் தாங்கும், கையில் கனமாக நிஜம் போல இருக்கும். பதிலுக்குக் கேஸ் அதிகம் குடிக்கும், குளிரில் சீக்கிரம் தடுமாறும்.

சரி, பெயர் சொல்லுங்கள். எதை வாங்குவது?

முதல் பிஸ்டல், ஊர் ஜப்பான் அல்லது ஹாங்காங் என்றால் டோக்கியோ மருயியின் ஹை-காப்பா 5.1. ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். 1911 என்ற அமெரிக்கப் பிஸ்டல் வகையின், குண்டுகளை இரு வரிசையாக அடுக்கும் வடிவத்தைத் தழுவி, விளையாட்டுக்காகவே செய்த மாடல். மேகசினில் 31 குண்டு. உலகம் முழுக்க இதற்குத்தான் மிக அதிகமான மாற்றுப் பாகங்கள் தயாராகின்றன. ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் அமைப்பின் ஆக்‌ஷன் ஏர் (ஏர்சாஃப்ட் பிஸ்டல்) போட்டிகளில், அதன் முதல் உலகப் போட்டி 2018-இல் ஹாங்காங்கில்தான் நடந்தது, வீரர்கள் கையில் அதிகம் தெரிவது இந்தக் குடும்பம்தான். பெட்டியிலிருந்து எடுத்து 134ஏ ஏற்றிச் சுட்டாலே நேராகப் போகும், மாற்ற எதுவும் தேவைப்படாது.

கை சிறியவர்களுக்கு ஹை-காப்பாவின் பிடி தடிமனாகத் தோன்றலாம். அவர்கள் மருயியின் கிளாக் 17-ஐப் பிடித்துப் பார்க்கட்டும். 25 குண்டு மேகசின், எளிமையான அமைப்பு, அதற்கும் பாகங்கள் ஏராளம்.

தைவானில் இருப்பவர்களுக்கு ஆக்‌ஷன் ஆர்மியின் ஏஏபி-01 என் முதல் தேர்வு. இதில் முழு ஸ்லைடும் நகராது, உள்ளே இருக்கும் போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும், அதனால் துடிப்பு வேகமாக இருக்கும். மருயி கிளாக் மேகசின்களையே ஏற்கும் என்பது பெரிய வசதி. கிரீன் கேஸில் நன்றாக ஓடும், விலையும் அடக்கம். அதிகம் சுடுபவர்கள் இதில் முதலில் மாற்றும் பாகம் நோசில், ஆகவே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நிஜத் துப்பாக்கி போல இருக்காது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

உலோகக் கனம் வேண்டும், ஆனால் தொல்லை வேண்டாம் என்றால் கேஜே ஒர்க்ஸ் செய்யும் சிஇசட் பி-09 வகையைப் பாருங்கள். கேடபிள்யூஏ பிஸ்டல்கள் கட்டுறுதியானவை. ஆனால் உள்பாகங்கள் மருயி வழியில் இல்லை, உங்கள் ஊர்க் கடையில் அதற்கான நோசிலும் சீலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விஎஃப்சி நிறுவனம் உமாரெக்ஸுக்காகச் செய்யும் உரிமம் பெற்ற கிளாக் அழகில் முதலிடம், சேகரிப்பவர்களுக்குப் பிடிக்கும். டபிள்யூஇ பிஸ்டல்கள் மலிவு, உடலும் உலோகம், ஆனால் ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று தரம் மாறும். பிரித்துப் பழகி, அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் ஆர்வம் உள்ளவருக்கு அது நல்ல பயிற்சி. அந்த ஆர்வம் இல்லாதவர் தொட வேண்டாம்.

சத்தம் குறைவாக, துல்லியமாக, உதைப்பே தேவையில்லை என்பவர்களுக்கு மருயியின் எம்கே23 உண்டு. அது பிளோபேக் அல்ல, ஸ்லைடு நகராது. கேஸ் முழுவதும் குண்டுக்கே போவதால் கேஸ் செலவு குறைவு, கெடுவதற்கான இடங்களும் குறைவு.

கடையில் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

ஹாங்காங் மோங்கோக்கில் குவோங் வா தெருவுக்குப் போனால் வரிசையாகக் கடைகள், பெரும்பாலும் உங்கள் கண்முன்னே கேஸ் ஏற்றிக் காட்டுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மேகசினில் கேஸ் ஏற்றியதும் காதருகே வைத்துக் கேளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் வால்வுப் பக்கத்தை முக்கச் சொல்லுங்கள், குமிழி வந்தால் வேறு மேகசின் கேளுங்கள். குண்டு போடாத மேகசினைச் செருகி விசையை இழுத்தால் ஸ்லைடு பின்னால் போய் நிற்க வேண்டும், இதை ஐந்தாறு முறை செய்யுங்கள். ஸ்லைடைக் கையால் மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள், நடுவில் எங்கும் சிக்காமல் முழுக்கத் திரும்ப வேண்டும். ஸ்லைடு லேசாகப் பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இறுக்கமாக இருப்பதுதான் அழுக்குப் பட்டதும் நின்றுபோகும்.

சுடும் இடம் இருந்தால் ஒரு முழு மேகசினைச் சுட்டுவிட்டு வேகமானியில் அளக்கச் சொல்லுங்கள். அளவுகள் அடுத்தடுத்து நெருக்கமாக வந்தால் சீல் நன்றாக இருக்கிறது. ஒன்று நொடிக்கு 85 மீட்டர், அடுத்தது 70 என்று குதித்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஆளைப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்லைடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். ஸ்லைடின் ஓரத்தில், அதைப் பின்னால் பிடித்து நிறுத்தும் ஸ்டாப் மாட்டும் பள்ளம் உருண்டு தேய்ந்திருந்தால் கடைசிக் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு நிற்காது. நோசில் நுனியில் வெடிப்பு, சுத்தி முனையில் தேய்மானம் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். "எல்லாம் அப்கிரேடு செய்தது" என்று பெருமையாக விற்பவரிடம் கழற்றி வைத்த அசல் பாகங்களையும் சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள்.

குண்டின் ஆற்றல் எத்தனை ஜூல் வரை போகலாம்?

வாழும் ஊரின் சட்டம் சொல்வதுதான் கணக்கு. ஹாங்காங்கில் 2 ஜூலைத் தாண்டினால் அது சட்டத்தின் பார்வையில் நிஜ ஆயுதம். ஜப்பானில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்பது வரம்பு, 6 மில்லிமீட்டர் குண்டுக்குக் கணக்கிட்டால் 0.989 ஜூல் வருகிறது. தைவானில் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் என்று சட்டம் இருந்தாலும் விளையாட்டுக் களங்கள் தங்கள் விதியை மிகக் கீழே வைத்திருக்கும். 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டரில் போனால் சரியாக 1 ஜூல், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை அடி) கணக்கில் 328. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்கலாம். இன்னொன்று, கேஸ் துப்பாக்கியில் எடை கூடிய குண்டு போட்டால் ஆற்றலும் கூடும், ஏனென்றால் குண்டு குழாயில் சற்று அதிக நேரம் நிற்க, கேஸ் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 0.2-ல் அளந்துவிட்டு 0.28 போட்டு விளையாடுவது ஏமாற்று வேலை. எதில் விளையாடுகிறீர்களோ அதில் அளக்கவும்.

ஜப்பான் போன்ற இடங்களில் கேஸ் பிஸ்டல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் விற்கப்படுகிறது. தம்பி, தங்கை, பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

குண்டு எது வாங்கினாலும் ஒன்றுதானா?

இல்லை. மலிவுக் குண்டுகளில் ஒட்டு மேடும் காற்றுக் குமிழியும் இருக்கும், குழாயைக் கீறும், நேராகப் போகாது. தேய்த்து மெருகேற்றிய, 5.95 மில்லிமீட்டர் அளவுள்ள நல்ல குண்டு வாங்குங்கள். பிஸ்டலுக்கு 0.25 கிராம் நடுநிலையான எடை. தரையில் விழுந்ததை எடுத்து மறுபடி போடாதீர்கள், ஒரு மணல் துகள் போதும் ஹாப்-அப் ரப்பரைக் கிழிக்க. ஹாப்-அப் என்பது குண்டின் மேல் உரசிப் பின்சுழற்சி கொடுக்கும் ரப்பர், அந்தச் சுழற்சிதான் குண்டைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. அதன் மேல் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். புதுத் துப்பாக்கி அங்குமிங்கும் சுட்டால் குழாயைச் சுத்தமான துணியால் துடைத்து உலர விட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

பராமரிப்பு எவ்வளவு வேலை?

அதிகம் இல்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். சிலிக்கான் எண்ணெய் மட்டும். பெட்ரோலிய வகைத் துரு நீக்கி ஸ்பிரே எதையும் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். விளையாடி வந்ததும் குழாயைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடத்தில் துளி எண்ணெய், மேகசின் வால்வில் துளி எண்ணெய். எடுத்து வைக்கும்போது மேகசினில் கொஞ்சம் கேஸ் இருக்கட்டும், முழுக்கக் காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் ஓ-ரிங் இடம் நகர்ந்து, அடுத்த முறை ஏற்றும்போது கசியும். கேஸ் ஏற்றும்போது மேகசினையும் கேனையும் தலைகீழாகப் பிடித்து ஏற்றுங்கள், அப்போதுதான் திரவம் உள்ளே போகும். கேன் புரொப்பேன் என்றால் பக்கத்தில் சிகரெட் கூடாது, மூடிய அறை கூடாது.

உடனே பாகங்களை மாற்றி அப்கிரேடு செய்யட்டுமா?

வேண்டாம். முதல் சில ஆயிரம் குண்டுகளை அசல் பாகங்களோடு சுடுங்கள். எது தேய்கிறது என்று துப்பாக்கியே காட்டும், அதை மட்டும் மாற்றுங்கள். கனமான ரிகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் திருப்பும் சுருள்), உலோக ஸ்லைடு, அதிகப் பாய்ச்சல் வால்வு என்று மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டு எது பிரச்சினை என்று தெரியாமல் முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண் பாதுகாப்புக்கு என்ன வாங்குவது?

துப்பாக்கிக்கு முன் இதை வாங்குங்கள். ஏஎன்எஸ்ஐ இசட்87.1 அல்லது ஈஎன் 166 என்ற, மோதலைத் தாங்கும் தரம் அச்சிட்ட, பக்கவாட்டையும் முழுக்க மூடும் கண்ணாடி. 1 ஜூல் குண்டு கைத்தோலில் சிவப்புப் புள்ளி வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பல்லுக்கும் முகக்கவசம் போடுங்கள். தேசிய சேவை முடித்தவர்களுக்கு ஆயுதத்தைக் கையாளும் ஒழுங்கு தெரியும், அதே ஒழுங்கு இங்கேயும்: விசைக்கு வெளியே விரல், மேகசினைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு குண்டு இருக்கும் என்ற நினைப்பு. வெளியே கொண்டுபோகும்போது மூடிய பையில், யார் கண்ணிலும் படாமல். எம்ஆர்டி போன்ற ரயிலில் பையைத் திறந்து நண்பனுக்குக் காட்டுவது எந்த ஊரிலும் போலீஸை வரவழைக்கும்.

என் மகனுக்கு 16 வயது, சிங்கப்பூரில்தான் இருக்கிறோம், அவனுக்கு இதில் ரொம்ப ஆசை. என்ன செய்வது?

அக்கா, அண்ணே, முறையான வழி இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிச் சுடும் சங்கங்களில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்ளலாம், பயிற்சியாளர் கண்காணிப்பில், சங்கத்தின் ஆயுதத்தோடு. இது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு சுடும் ஒலிம்பிக் விளையாட்டு. நம் ஊர் தியோ ஷுன் ஷி 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். மூச்சைக் கட்டுப்படுத்தி நிதானமாக விசையை இழுக்கப் பழகிய பையன், நாளைக்கு வெளிநாடு போய் கேஸ் பிஸ்டல் பிடித்தாலும் மற்றவர்களைவிட நன்றாகச் சுடுவான். ஓடி ஆடி விளையாடத்தான் ஆசை என்றால் லேசர் டேக், உரிமம் பெற்ற பெயிண்ட்பால் களங்கள் இருக்கின்றன.

படிப்பு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறேன். என் பிஸ்டலை என்ன செய்வது?

அங்கேயே விற்றுவிடுங்கள், அல்லது அங்கே நிரந்தரமாக இருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஹை-காப்பா, கிளாக், ஏஏபி-01 மூன்றும் உடனே விலைபோகும், ஆரம்பத்தில் இவற்றை நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பிரித்துப் பாகம் பாகமாகச் சூட்கேஸில் போடும் யோசனையே வேண்டாம். வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது சாங்கியில் விமானம் மாறுவதாக இருந்தாலும், முன்கூட்டியே விமான நிறுவனத்திடமும் சிங்கப்பூர்க் காவல்துறையிடமும் கேட்காமல் கிளம்பாதீர்கள். கிரீன் கேஸ் கேன் எரியக்கூடியது, எந்த விமானத்திலும் ஏறாது.

வீட்டுச் சாமான்களை மூவர்ஸ் கையில் கொடுப்பதற்கு முன் விளையாட்டுப் பை, ஜாக்கெட் பாக்கெட், மேசை டிராயர் எல்லாவற்றையும் நீங்களே ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். மறந்துபோன மேகசின் ஒன்று பெரும்பாலும் பழைய இடுப்புப் பையின் உள்ளறையில்தான் இருக்கும்.